நீலகிரியில் ஏன் மரம் வெட்டச் சொல்கிறார்கள்? மேல்மலைப் புல்வெளியின் நிலமும் வரலாறும்

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதற்கென்று ஒரு பக்கம் கோடிக்கணக்கில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. மறுபக்கம், நீலகிரியில் ஓங்கி வளர்ந்து நிற்கும் சீகை (வாட்டில்), தைலமரம் (யூகலிப்டஸ்) ஆகிய அந்நிய மரங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் வனத்துறையைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று மாநில அரசே 2022இல் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வெயிலில் நிழல் தேடி அலையும் சென்னைவாசிக்கு இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று வெட்டுவதாகவே தோன்றும். ஆனால் மரம் எங்கே வளர வேண்டும் என்ற கேள்வியை, அந்தந்த நிலத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளாமல் கேட்க முடியாது. நீலகிரியின் மேற்கு மேட்டுநிலத்துக்கு அந்தக் கேள்வி தவறாகவே கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அதற்கான முடிவுகள் பெரும்பாலும் சென்னையில் எடுக்கப்பட்டவை என்பதால், இங்கிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

எந்த நிலம்?

நீலகிரி என்றதும் நினைவுக்கு வருவது உதகை ஏரியும் தாவரவியல் பூங்காவும் குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களும்தான். இங்கே பேசப்படுவது அவற்றுக்கு மேற்கே, அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்தி என்று நீளும் குந்தா மலைத்தொடரும் அதை ஒட்டிய மேல்பீடபூமியும் ஆகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல், அலையலையாக உருண்டு போகும் குன்றுகள். குன்றின் முதுகெல்லாம் புல். மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சிறு காடுகள். முக்குருத்திச் சிகரம் 2,554 மீட்டர் உயரமுடையது. அதன் மேற்கு விளிம்பு கேரளத்தின் நிலம்பூர்ச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது. வடக்கே மாயாற்றுப் பள்ளம், தெற்கே பாலக்காட்டுக் கணவாய் என்று எல்லாப் பக்கமும் சரிவுகளால் துண்டிக்கப்பட்ட இந்த மேடு, சுற்றிலும் உள்ள வெப்பநிலத்துக்கு நடுவே குளிர்ந்த தீவு போல் நிற்கிறது.

இந்த மலையின் உடலாக இருப்பது சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய, கடினமான பாறை. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லால் இந்தப் பாறைக்கு அப்பெயர் வந்தது. அந்தக் கல் சென்னைப் பகுதியிலிருந்து போனது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் நாம் அன்றாடம் கடந்துபோகும் குன்றுகளும் இதே வகைப் பாறைதான். அதே பாறை வகை அங்கே இரண்டரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேரே மார்பைக் காட்டி நிற்கிறது. விளைவு மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த நாளில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. என்பதை வைத்து அந்த அளவை உணரலாம்.

சோலை, புல்வெளி, பீட்

மடிப்புகளில் உள்ள குட்டையான, பாசி படர்ந்த, என்றும் பசுமையான காட்டைச் சோலை என்கிறோம். தமிழ்ச் சொல்லான இதுவே உலக அறிவியல் வழக்கிலும் 'ஷோலா' என்று நிலைத்துவிட்டது. சோலைக்கு வெளியே சரிவெங்கும் இருப்பது மலைப் புல்வெளி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இங்கே வளர்கிறது. சங்கப் பாடல்கள் வருடை என்று குறிப்பிடும் விலங்கோடு அடையாளப்படுத்தப்படும் வரையாடு இங்கே மேய்கிறது. காட்டுக்குள் ஒளியும் மானைப் போல அல்லாமல், வரையாடு திறந்த புல்லையும் செங்குத்துப் பாறையையும் நம்பி வாழ்வது. புல்வெளிக்குள் மரம் புகுந்தால் அது இடம் பெயரும். பெயர வேறு இடம் இல்லையென்றால் அந்தப் பகுதியிலிருந்து மறைந்துபோகும்.

புல்வெளியின் தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கிய சதுப்புகள் உள்ளன. அங்கே குளிராலும் காற்றோட்டமின்மையாலும் செத்த செடிகள் முழுதாக மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் இந்தக் கறுப்பு எச்சத்துக்குப் பீட் என்று பெயர். பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்திருக்கும் இந்த மண், பிரிட்டனின் மேட்டுநிலங்களில் மிகுதி. அங்கே 'மூர்' என்று அழைக்கப்படும் மரமற்ற, ஈரமான, காற்று வீசும் மேட்டுநிலத்துக்கும் முக்குருத்திக்கும் தோற்றத்தில் வியப்பூட்டும் ஒற்றுமை உண்டு. ஆனால் தோற்றம் ஒன்றாக இருப்பதால் பிறப்பும் ஒன்றாகிவிடாது. பிரிட்டிஷ் மூர்களில் பெரும் பகுதி, பழங்கால மனிதர்கள் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கியதால் உருவானது. நீலகிரிப் புல்வெளியையும் அப்படியே, அழிந்த காட்டின் மிச்சம் என்று நெடுங்காலம் பலர் கருதினார்கள். 'இழந்த காட்டை மீட்கிறோம்' என்ற நியாயத்தோடு மரம் நடுவதற்கு அந்தக் கருத்து வழி செய்தது.

மரம் தானாக ஏன் வரவில்லை?

இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் காடு ஏன் சரிவை மூடவில்லை என்ற கேள்விக்கு விடை மழையில் இல்லை, இரவில் இருக்கிறது.

1. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளங்களை நோக்கி வழிந்து தேங்குகிறது. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. விடியும்போது புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல் வெண்மை படிந்திருக்கும்.

2. சோலை மரங்கள் வெப்பமண்டல இனங்கள். அவற்றின் நாற்றுகள் திறந்த வெளியில் உறைபனி பட்டால் கருகிவிடும். சோலைக்கு உள்ளே மர விதானம் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் அங்கே நாற்று பிழைக்கிறது. ஆகவே சோலை சோலையாகவே இருக்கிறது. புல் புல்லாகவே இருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, உறைபனிதான் இந்த எல்லையைக் காக்கிறது என்பதை நீலகிரியிலேயே களச்சோதனை வழியாகக் காட்டியது.

3. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் தைலமரமும் உறைபனியைத் தாங்கும். இயற்கை பூட்டி வைத்திருந்த கதவுக்கு அவற்றிடம் சாவி இருந்தது. புவி வெப்பமடைந்து உறைபனி நாட்கள் குறையக் குறைய அந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும்.

எவ்வளவு பழையது?

புல்வெளி மனிதன் உண்டாக்கியதா என்ற வாதத்தைத் தீர்த்து வைத்தது பீட் மண்தான். கார்பனில் எடை வேறுபட்ட இரண்டு நிலையான வகைகள் உண்டு. வெப்பமண்டலப் புற்களில் பல, மரங்களைவிடக் கனமான கார்பனைச் சற்றுக் கூடுதலாகத் தம் உடலில் சேர்க்கின்றன. செடி மக்கிப் பீட்டாகிக் கிடந்தாலும் இந்த விகிதம் அழிவதில்லை. ஆகவே சதுப்பைத் துளைத்து எடுத்த மண்ணின் ஒவ்வோர் அடுக்கையும் சோதித்தால், அந்தக் காலத்தில் சுற்றிலும் எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்பதை அறியலாம்.

சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிப் பீட்டை இவ்வாறு ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு, கடைசிப் பனியூழியின் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் மேலோங்கியிருந்தது என்பது. பின்னர் பருவமழை வலுத்தபோது அந்தப் புற்கள் சுருங்கின; மழை தளர்ந்தபோது மீண்டும் பரவின. உழவரோ ஆயரோ இந்த மேட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, பருவமழையோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல் இந்தப் புல்வெளி விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது. இதைக் காட்டின் சிதைவு என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

தோதவர் நிலம்

போசள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன், இந்த மேட்டில் எருமை மேய்த்து வாழும் பழங்குடியினரான தோதவரை (தோடரை) அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாக 1117ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கூறுகிறது. எழுத்தில் தோதவர் முதன்முதலில் தோன்றுவது அதில்தான். 1603இல் ஃபெனிசியோ என்னும் இயேசு சபைப் பாதிரியார் மலபாரிலிருந்து மலையேறி வந்து அவர்களைக் கண்டு எழுதினார். அதன் பிறகு இரு நூற்றாண்டுகளுக்கு வெளியுலகம் இந்த மேட்டைப் பற்றி ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை.

தோதவரின் வாழ்க்கை எருமையைச் சுற்றியது. உழவு செய்யாமல், வேட்டையாடாமல், பாலையும் நெய்யையும் கொடுத்து, அண்டைச் சமூகங்களான படகரிடமிருந்து தானியத்தையும் கோத்தரிடமிருந்து பானையையும் இரும்புக் கருவியையும் பெற்றார்கள். அவர்களின் குடியிருப்புக்கு மந்து என்று வழங்கும் பெயர்தான் 'ஊட்டகமண்ட்' என்ற ஆங்கிலேயர் கால ஊர்ப்பெயரின் வாலில் ஒட்டியிருக்கிறது. எருமைக்குப் புல்வெளி, கோயில் கூரை வேய்வதற்குச் சதுப்பில் மட்டுமே முளைக்கும் புல், இறந்தோர் உயிர் மேற்கே மறுவுலகுக்குப் போகும் வழியில் முக்குருத்திச் சிகரம். இந்த நிலத்தில் அவர்களுக்குப் பெயரில்லாத மேடு இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீலகிரியின் பழங்காலக் கல்வட்டங்களிலிருந்து எடுத்த மண்கலங்கள் இருக்கின்றன. மாவட்டத்தின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் சேகரித்தவை. விலங்குருவங்கள் அமர்ந்த அந்தக் கலமூடிகளுள் எருமையும் உண்டு. யார் செய்தவை என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லாவிட்டாலும், இது ஆளற்ற நிலமாக இருக்கவில்லை என்பதற்கு அவை சான்று.

தரிசு என்று எழுதிய கை

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறினார். சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு எழுந்தது, ஏரி வெட்டப்பட்டது, பின்னர் அது சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமும் ஆனது. சென்னையின் வெக்கையில் வெந்தவர்களுக்கு அந்த மேடு தம் நாட்டை நினைவூட்டியது. திறந்த புல்வெளிக்கு, ஆளுநர் வென்லாக்கின் பெயரையும் தென் இங்கிலாந்தின் புல்மேடுகளைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து 'வென்லாக் டவுன்ஸ்' என்று பெயரிட்டார்கள். குதிரையேறி, நாய்க்கூட்டத்தோடு நரி துரத்தினார்கள். தம் ஊர் மூர்களில் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ், புரூம் என்னும் புதர்களையும் கொண்டு வந்து நட்டார்கள். அவை இரண்டும் இன்று புல்வெளியைத் தின்னும் களைகள்.

விரும்பிய நிலத்தையே அவர்கள் பதிவேட்டில் எழுதிய விதம் வேறு. உழவில்லாத, வரி தராத நிலத்துக்கு வருவாய்த் துறைக் கணக்கில் இருந்த இடம் தரிசு. சேப்பாக்கத்தில் இருந்த வருவாய் வாரியத்தின் பார்வையில், மேய்ச்சல் என்பது நிலத்தைப் பயன்படுத்தும் முறையாகவே படவில்லை. தோதவருக்கு மந்து என்னும் குடியிருப்பைச் சுற்றிய சிறு நிலம் மட்டும் உரிமையாயிற்று. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு மேய்ச்சலும், புல் புதுப்பிப்பதற்காக அவர்கள் அளவோடு வைத்த தீயும் அனுமதிக்கும் தடைக்கும் உட்பட்டன. என் பார்வையில், நீலகிரிப் புல்வெளியின் அழிவு கோடரியில் தொடங்கவில்லை. 'தரிசு' என்ற அந்தப் பதிவில்தான் தொடங்கியது. வெறுமையாக இருக்கிறது என்று எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர் அதை நிரப்பத்தான் பார்ப்பார்.

விறகு, தோல், மின்சாரம்

முதல் தேவை விறகு. உதகையின் அடுப்புகளுக்கும் கணப்புகளுக்கும் சோலைகள் வெட்டப்பட்டுத் தட்டுப்பாடு வந்தபோது, 1840களை ஒட்டி அறிமுகமாகியிருந்த சீகையும் தைலமரமும் விறகுத் தோட்டங்களாக நடப்பட்டன. அந்தக் காலத்தில் இவை ஊரைச் சுற்றியே நின்றன.

பெரிய மாற்றம் விடுதலைக்குப் பிந்தையது. ஐந்தாண்டுத் திட்டங்களின் கீழ், குந்தாவிலும் மேற்குப் பீடபூமியிலும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியில் சீகை நடப்பட்டதற்குத் தோல் தொழில் முக்கியக் காரணம். தோலைப் பதனிடுவதற்குத் துவர்ப்புச் சத்து மிகுந்த பட்டை வேண்டும். தமிழ்நாட்டுத் தோல் தொழிலில் முன்பு ஆவாரம் பட்டையும், பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான சீகைப் பட்டையும் பயன்பட்டன. இறக்குமதியைக் குறைக்கப் பட்டையை இங்கேயே விளைவிப்பது தேச நலன் என்று அன்று கருதப்பட்டது. அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குரோம் உப்பால் பதனிடும் முறை பரவப் பரவ, சீகைப் பட்டைக்கு இருந்த முதன்மை போயிற்று. அந்தப் புது முறையைக் கொண்டு இயங்கிய ஆலையின் பெயரைத்தான் குரோம்பேட்டை இன்றும் தாங்கி நிற்கிறது. மரக்கூழுக்காகச் சிறிது காலம் கிராக்கி இருந்தது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலை மூடப்பட்ட பின் அதுவும் ஓய்ந்தது. வாங்க ஆளில்லாத மரங்கள் மலையிலேயே நின்று விதை உதிர்த்தன.

இன்னொரு பக்கம் மின்சாரம். 1930களில் பைக்காராவும், கனடாவின் உதவியோடு 1950களில் தொடங்கிய குந்தா திட்டமும், அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று பள்ளத்தாக்குகளை நீர்த்தேக்கங்களாக்கின. மூழ்கியவை பெரும்பாலும் சதுப்புகளும் தாழ்நிலப் புல்வெளிகளுமே. இவை மாநிலத்துக்குப் பெரும் பயன் தந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அணைகளை நிரப்பும் நீர்ப்பிடிப்பிலேயே நீரை உறிஞ்சும் மரங்களை நட்டது ஒரே அரசின் இரு துறைகள் எதிரெதிரே இழுத்த கதை.

தண்ணீர்க் கணக்கு

'மரம் இருந்தால் மழை வரும், தண்ணீர் வரும்' என்பது நம் எல்லோருக்கும் பள்ளியில் பதிந்த பாடம். பல இடங்களுக்கு அது பொருந்தும். இங்கே அளந்து பார்த்திருக்கிறார்கள். உதகையில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், கிளன்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் 1972இல் 59 விழுக்காட்டுப் பரப்பில் தைலமரம் நட்டு, இரண்டிலிருந்தும் வழியும் ஓடைநீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில், மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 விழுக்காட்டைத் தாண்டியது. கோடையில் வரும் அடிநீரோட்டம் இன்னும் கடுமையாகச் சரிந்தது.

காரணம் விளங்கக்கூடியதே. புல் குளிர்காலத்தில் காய்ந்து அடங்கிவிடுகிறது; அதன் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் மண்ணும் பீட்டும் குடித்த நீர் மெல்லக் கசிந்து ஓடைக்கு வருகிறது. தைலமரமோ ஆண்டு முழுவதும் ஆழ்வேரால் இழுத்து இலைவழியே ஆவியாக்குகிறது.

இந்த ஓடைகள் எங்கே போகின்றன? பவானி குந்தாப் பகுதியில் பிறக்கிறது. பைக்காரா நீர் மாயாறாகிப் பவானிசாகரில் அதனோடு சேர்கிறது. ஈரோட்டுப் பாசனம் போக மிஞ்சுவது கூடுதுறையில் காவிரியாகிறது. காவிரி நீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. 2004 முதல் அந்த ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்குக் கொண்டுவரும் திட்டம் இயங்குகிறது. அவ்வளவு தூரம் கடந்து முக்குருத்தியின் பங்கு நம் குழாயில் எத்தனை துளி என்று பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் வழி ஒன்றே.

வெட்டினால் போதுமா?

செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்ததாகக் கண்டது. நீலகிரியில் எஞ்சியவற்றுள் நல்ல நிலையில் இருப்பது பெரும்பாலும் முக்குருத்தி தேசியப் பூங்காவின் 78 சதுர கிலோமீட்டருக்குள்தான். மாநில அரசு 2022இல் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் கணக்கிடப்பட்டன. அவை பரவ வேண்டுமானால் புல்வெளி மீள வேண்டும். ஆனால் மரத்தை வெட்டுவதும் புல்வெளியை மீட்பதும் ஒரே வேலை அல்ல.

1. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழச் செய்தாலோ தீ பட்டாலோ அத்தனையும் ஒன்றாக முளைக்கும். ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு கன்று. அவற்றை ஆண்டுதோறும் கையால் பிடுங்க ஆள் வேண்டும்.

2. தைலமரத்தின் அடிக்கட்டை துளிர்க்கும். கிளன்மார்கன் சோதனை காட்டியபடி, துளிர்த்த மரம் முன்னதைவிட அதிகமாக நீர் இழுக்கும். வேரை முடக்காமல் தண்டை மட்டும் வெட்டி எடுப்பது நிலைமையை மோசமாக்கும்.

3. பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை நாற்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தை மொத்தமாக வெட்டித் தள்ளாமல், சோலையாக மாற விடுவதே நல்லது என்று சூழலியலாளர் பலர் கருதுகிறார்கள். புல்வெளிக்குள் புதிதாக ஊடுருவும் இளங்கன்றுகளை அகற்றுவதற்கே முதலிடம் தர வேண்டும். அங்கேதான் செலவு குறைவு, பலன் அதிகம். இந்த வரிசைமுறையில் எனக்கும் முழு உடன்பாடு.

4. வெட்டிய நிலம் தானாகப் புல்லாவதில்லை. அந்தந்த மேட்டின் நாட்டுப் புல்லை நாற்றங்காலில் வளர்த்துப் பதியமாக நட வேண்டியிருக்கிறது. எந்தச் சதுப்பில் எந்தப் புல் இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் தோதவர்கள். அவர்கள் இன்று ஈராயிரம் பேர் அளவே இருக்கிறார்கள், எருமை மந்தைகளும் வெகுவாகச் சுருங்கிவிட்டன.

எனவே அடுத்த முறை நீலகிரியில் இத்தனை ஹெக்டேரில் அந்நிய மரம் அகற்றப்பட்டது என்ற செய்தி வரும்போது, அந்த எண்ணிக்கையோடு கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அது முன்பு புல்வெளியாக இருந்த இடமா, சோலை துளிர்த்துவந்த தோப்பா? வெட்டிய மூன்றாம் ஆண்டிலும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா? அங்கே எந்தப் புல் நடப்பட்டது?